ஊட்டி உயரத்தில் டாக்ஸாப்ராம்: எலியின் மூச்சுக் கணக்கு ஏன் இடிக்கிறது?

உதகை_மருந்தியல் கேட்டது:

வணக்கம். எம்.ஃபார்ம் மருந்தியல் ஆய்வு. இடம் ஊட்டி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மார்ஃபின் கொடுத்து மூச்சு மந்தமாக்கிய விஸ்டார் இன எலிக்கு, மூச்சுத் தூண்டி மருந்துகளான டாக்ஸாப்ராம் எவ்வளவு மீட்டுத் தருகிறது, அமினோஃபிலின் எவ்வளவு மீட்டுத் தருகிறது என்று ஒப்பிட வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியும் மார்ஃபினுக்கான உரிமமும் கையில் இருக்கின்றன.

எலிகள் 220 முதல் 250 கிராம் வரை. கோவையிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. முழு உடல் பிளெதிஸ்மோகிராஃப் (எலியை மூடிய பெட்டியில் விட்டு மூச்சை அளக்கும் கருவி), 4 லிட்டர் அக்ரிலிக் பெட்டி. காலையில் பெட்டிக்குள் 17, 18 டிகிரி, மதியம் 23 வரை ஏறுகிறது. மென்பொருளில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், எலியின் உடல் வெப்பநிலை 37.5 என்று நிலையாகப் போட்டிருக்கிறேன். போனில் வானிலை பார்த்தால் 1014 ஹெக்டோபாஸ்கல் காட்டுகிறது, அதனால் 760 சரிதான் என்று விட்டுவிட்டேன்.

சிக்கல்கள் இவை. மருந்து எதுவும் கொடுக்காத எலியிலேயே நிமிடச் சுவாச அளவு, படித்த கட்டுரைகளில் இருப்பதைவிட நன்றாக அதிகம். ஆனால் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு விட்டால் ஏறுவது கட்டுரைகளைவிடக் குறைவு. டாக்ஸாப்ராமை வயிற்றறைக்குள் ஊசி போட்டு, பெட்டியை மூடி, ஐந்து நிமிடம் அடங்கவிட்டுப் பதிவு செய்தால் ஒரு எலி துள்ளுகிறது, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. அடுத்த தொகுதியில் வால் நரம்பில் கதீட்டர் வைத்தேன். அமினோஃபிலினுக்குப் பிறகு அதே குழாயில் டாக்ஸாப்ராம் தள்ளியபோது உள்ளே பால் மாதிரி வெள்ளையானது.

எலி மேலா, பெட்டி மேலா, என் கணக்கு மேலா தவறு? சார், மேடம், யாராவது வழி சொல்லுங்கள்.

குன்னூர்_உடலியங்கியல் எழுதியது:

மூன்றின் மேலும்தான். கணக்கிலிருந்து ஆரம்பிப்போம், அதைத் திருத்த ஒரு நாள் போதும்.

வானிலைச் செயலி காட்டுவது கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் பார்த்தாலும் தொட்டபெட்டாவில் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது. உங்கள் அறையில் உண்மையில் இருப்பது சுமார் 780 ஹெக்டோபாஸ்கல், அதாவது 585 மி.மீ. பாதரசம். ஒரு அனீராய்டு அழுத்தமானியோ டிஜிட்டல் சென்சாரோ மேசை மேல் வைத்து, திருத்தாத அழுத்தத்தை ஒவ்வொரு அமர்விலும் குறித்துக்கொள்ளுங்கள். இரத்த வாயுக் கருவி பக்கத்தில் இருந்தால் அதுவே அறை அழுத்தத்தை அச்சிட்டுத் தரும்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பெட்டி முறையில் நாம் மூச்சை நேரடியாக அளப்பதில்லை. எலி உள்ளிழுத்த காற்று சூடாகி, ஈரமாகி, விரிவதால் வரும் சின்ன அழுத்த ஏற்றத்தைத்தான் அளக்கிறோம். 1955-இல் டிரார்பாக், ஃபென் இருவரும் கொடுத்த சமன்பாடு அதைக் கொள்ளளவாக மாற்றுகிறது. பெருக்கும் காரணியின் மேல்பகுதி: உடல் வெப்பநிலை (கெல்வினில்) பெருக்கல் (காற்றழுத்தம் கழித்தல் பெட்டியின் நீராவி அழுத்தம்). கீழ்ப்பகுதி: அதே எண்ணிலிருந்து, பெட்டி வெப்பநிலை பெருக்கல் (காற்றழுத்தம் கழித்தல் உடலின் நீராவி அழுத்தம்) என்பதைக் கழித்தது. கீழே இரண்டு பெரிய எண்களின் சின்ன வித்தியாசம் நிற்கிறது பாருங்கள், ஆபத்து அங்கேதான்.

போட்டுப் பார்ப்போம். பெட்டி 24 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், எலி 37.5 டிகிரி. காற்றழுத்தம் 585 என்றால் காரணி 9.8. அதே இடத்தில் 760 போட்டால் 11.3. அதாவது உங்கள் ஒவ்வொரு மூச்சும் 15 சதவீதம் பெரிதாகப் பதிவாகிறது. ஆரம்ப அளவு அதிகமாக வந்ததற்கு இது ஒரு காரணம்.

உடல் வெப்பநிலையை நிலையாக வைத்தது இதைவிட மோசம், ஏனென்றால் அந்தப் பிழை மருந்தோடு சேர்ந்து நகரும். மார்ஃபின் வேலை செய்யத் தொடங்கிய எலி, குளிர்ந்த பெட்டியில் 35 டிகிரிக்கு இறங்கிவிடலாம். 35 போட்டால் காரணி 11.9 ஆக வர வேண்டும், நீங்கள் 37.5-க்கான 9.8-ஐப் பெருக்குகிறீர்கள். மூச்சு 17 சதவீதம் குறைத்துக் காட்டப்படும். பிறகு தூண்டி மருந்து எலியை எழுப்பி உடலைச் சூடேற்றினால் அந்தப் பிழை தானாகக் கரையும், நீங்கள் அதை மருந்தின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். வயிற்றறையில் வைக்கும் டெலிமெட்ரி மாத்திரை (வெப்பநிலையைக் கம்பியின்றி அனுப்பும் சிறு கருவி) இருந்தால் நல்லது. இல்லையென்றால் மெல்லிய ஆசனவாய் வெப்பமானியால் ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் பின்னும் அளந்து இடைப்பட்டதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெட்டியின் குளிர். 17 டிகிரியில் எலி தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே கூடுதலாக எரிக்கிறது, அதற்கேற்ப மூச்சும் கூடுகிறது. பெட்டியை இன்குபேட்டருக்குள் வைத்து 26 முதல் 28 டிகிரிக்குள் நிறுத்துங்கள். சமிக்ஞை கொஞ்சம் சிறுக்கும், 24 டிகிரியில் கிடைப்பதைவிட 28-இல் சுமார் 17 சதவீதம் குறைவு. அது சமாளிக்கக்கூடிய இழப்பு. ஊட்டியில் இன்குபேட்டரால் இன்னொரு நன்மையும் உண்டு: பனிமூட்ட நாளில் குளிர்ந்த பெட்டிச் சுவரில் வியர்க்கும் நீர், அழுத்த உணரிக்குப் போகும் குழாயில் ஒரு துளி உட்கார்ந்தால் போதும், அலை மழுங்கிவிடும். எலி சிறுமூச்சு விடுவதுபோல் தெரியும். உணரிக் குழாயைப் பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, மேல்நோக்கிச் சாய்த்துக் கொண்டுபோங்கள்.

கதவு சாத்தினாலே கோடு குதிக்கிறதா? அதே அளவில் இன்னொரு காலிப் பெட்டியை ஒப்பீட்டுக்கு வைத்து, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை அளங்கள். கேலிபரேஷனுக்கு 1 மி.லி. காற்றைச் செலுத்தும்போது மெதுவாகத் தள்ளாதீர்கள். எலியின் உள்மூச்சு எடுக்கும் நேரத்துக்குள், சுமார் 0.2 விநாடியில், தள்ளி இழுக்க வேண்டும். மெதுவாகத் தள்ளினால் வெப்பம் சுவரில் இறங்கி, கசிவும் சேர்ந்து, உச்சம் குறைந்து, கணக்கில் மூச்சு பெருத்துவிடும்.

இப்போது கார்பன் டை ஆக்சைடு. உடல் சதவீதத்தை உணர்வதில்லை, பகுதி அழுத்தத்தை, அதாவது கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தத்தை, உணர்கிறது. கடல்மட்டத்தில் 5 சதவீதம் என்பது மூச்சுக்குழாயில் (760 − 47) × 0.05, சுமார் 36 மி.மீ. (47 என்பது ஈரமான மூச்சுக்குழாயின் நீராவி அழுத்தம்). ஊட்டியில் (585 − 47) × 0.05, சுமார் 27 மி.மீ.தான். கட்டுரையில் இருக்கும் 5 சதவீதத்துக்கு ஈடாக உங்களுக்கு 6.6 சதவீதம் வேண்டும். எலியின் பதில் மந்தமாகவில்லை, நீங்கள் கொடுத்த தூண்டல்தான் குறைவு.

ஆக்சிஜனுக்கும் அதே கதை. சமவெளியில் உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 149 மி.மீ., ஊட்டியில் சுமார் 113. அதாவது உங்கள் எலி ஏற்கெனவே லேசான ஆக்சிஜன் குறைவில்தான் உட்கார்ந்திருக்கிறது, கரோட்டிட் பாடி (கழுத்துத் தமனியில் ஆக்சிஜனை உணரும் சிறு உறுப்பு) அதற்கேற்ப முடுக்கிவிடப்பட்டிருக்கிறது. டாக்ஸாப்ராம் குறைந்த அளவில் பெரிதும் அந்தக் கரோட்டிட் பாடி வழியாகத்தான் வேலை செய்கிறது: டாஸ்க்-1, டாஸ்க்-3 என்ற பொட்டாசியம் வாய்க்கால்களை அடைக்கிறது. அளவு கூடக்கூட மூளைத்தண்டும் தூண்டப்படுகிறது. ஆகவே ஊட்டிக் காற்றில் கிடைக்கும் பலனையும் சென்னைக் காற்றில் கிடைத்த பலனையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. இதற்கு வழி எளிது: ஒரு பிரிவு எலிகளை அறைக் காற்றிலும், ஒரு பிரிவை 28 சதவீத ஆக்சிஜனிலும் வைத்துச் செய்யுங்கள். ஊட்டியில் 28 சதவீதம் என்பது கடல்மட்டக் காற்றுக்கு ஏறக்குறையச் சமம். இரண்டு பிரிவிலும் பலன் ஒன்றாக இருந்தால் ஒரு கதை, அறைக் காற்றில் மட்டும் மாறினால் வேறு கதை. என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வேட்டில் புதிதாகச் சொல்லக் கிடைப்பது இங்கேதான்.

முடிந்தால் டெஜூர் சோதனையும் சேருங்கள்: ஓடும் வாயுவைச் சட்டென்று 100 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றி, முதல் சில மூச்சுகளில் சுவாசம் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. விழும் பங்கு கரோட்டிட் பாடியின் பங்கு. மருந்துக்கு முன்னும் பின்னும் செய்யுங்கள். 4 லிட்டர் பெட்டியில் வாயு மாற நேரமாகும். ஓட்டத்தைக் கூட்டி, வெளியேறும் குழாயில் ஆக்சிஜன் அளவை அளந்து, அது நிலைக்கும் கணத்தைக் குறியுங்கள். ஓட்டம் பற்றி ஒன்று: கடல்மட்டத்துக்குக் குறித்த ரோட்டாமீட்டர் (மிதவை வைத்த வாயு ஓட்டமானி) இங்கே குறைத்துக் காட்டும். 2 லிட்டரில் மிதவை நின்றால் உண்மையில் ஓடுவது சுமார் 2.3 லிட்டர்.

நான்கு நாள் ஓய்வு போதாது. மலையேறிய உடலில் கரோட்டிட் பாடியின் கூர்மை நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும், கூடவே இரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு இறங்கும். இரண்டு மூன்று வாரம் இங்கேயே வைத்துப் பிறகு தொடங்குங்கள். ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்த எலிகளையும் கோவையிலிருந்து வந்தவற்றையும் ஒரே தொகுதியில் கலக்க வேண்டாம். குட்டிப் பருவத்தில் பட்ட ஆக்சிஜன் குறைவு பெரிதானபின் மூச்சின் பதிலையே மாற்றக்கூடும்.

வெள்ளையானது பற்றி: டாக்ஸாப்ராம் ஹைட்ரோகுளோரைடு கரைசல் அமிலத்தன்மை கொண்டது, பி.எச். 3.5 முதல் 5 வரை. அமினோஃபிலின் காரம், 9-ஐ ஒட்டியது. இரண்டும் குழாயில் சந்தித்தால் டாக்ஸாப்ராமின் கரையாத காரமூலம் வெளியேறிப் படிந்துவிடும். சோடியம் பைகார்பனேட், தயோபென்டோன், ஃபுரோஸிமைடு எல்லாவற்றோடும் இதேதான். வெள்ளையானதைத் தள்ளாதீர்கள், துகள் நுரையீரல் நுண்குழாயில் அடைத்தாலே எலி வேகமாக மூச்சு விடும், அதையும் தூண்டல் என்று எண்ணிவிடுவீர்கள். அந்த எலியின் பதிவை விலக்குங்கள். இரண்டு மருந்துக்கும் ஒரே எலி வேண்டாம், வேண்டுமென்றால் நாள் இடைவெளி விட்டுப் புதுக் கதீட்டர்.

அளவும் வேகமும்: மனிதரில் ஒரு நரம்பூசி டாக்ஸாப்ராமின் பலன் ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சம் தொட்டு, 5 முதல் 12 நிமிடத்தில் அடங்கிவிடும். எலியிலும் குறுகிய நேரம்தான். ஊசி போட்டு, மூடி போட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்தால் பார்க்க வேண்டியது போய்விடும். வயிற்றறை ஊசியில் உறிஞ்சும் வேகம் எலிக்கு எலி மாறும். ஒன்று துள்ளி ஒன்று சும்மா இருந்தது அதனால்தான். கழுத்து நரம்பில் நிரந்தரக் கதீட்டர் வைத்து, குழாயைப் பெட்டியின் அடைப்பு வழியே வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல் செலுத்துங்கள்.

20 மி.கி./மி.லி. குப்பி என்றால் 1 மி.லி. எடுத்து 4 மி.லி. சாதா சலைன் சேருங்கள், 4 மி.கி./மி.லி. கிடைக்கும். 250 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 1 மி.லி. கணக்கில் 0.25 மி.லி., அதாவது கிலோவுக்கு 4 மி.கி. ஒரே தள்ளாகத் தள்ளாமல் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பலர் சறுக்குவது குழாயின் உள்ளளவில். 0.58 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாய் 30 செ.மீ. நீளம் என்றால் அதற்குள் மட்டும் 0.08 மி.லி. நிற்கும். 0.25-இல் மூன்றில் ஒரு பங்கு எலிக்குப் போகவே இல்லை, அடுத்த ஊசியின்போது போகும். ஒவ்வொரு முறையும் 0.2 மி.லி. சலைன் பின்னால் தள்ளுங்கள். குப்பியில் பாதுகாப்பானாக 0.9 சதவீத பென்சைல் ஆல்கஹால் இருந்தால், ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் சலைன் போதாது, அதே 0.18 சதவீத பென்சைல் ஆல்கஹால் கலந்த சலைன் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நிமிடச் சுவாச அளவு கூடியது மட்டும் சான்றாகாது. எலி விழித்து மோப்பம் பிடித்தாலும் கூடும், குளிரில் நடுங்கினாலும் கூடும். மோப்பம் பிடிக்கும் இடங்களைக் காணொளியோடு ஒத்துப் பார்த்து வெட்டுங்கள். பெட்டியிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, சுவாச அளவை அதன் உற்பத்தியால் வகுத்துக் காட்டுங்கள். ஒரு சிறு தொகுதியிலாவது தமனியிலிருந்து 0.1 மி.லி. எடுத்து, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கியதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால்தான் மருந்து மூச்சை மீட்டது. இல்லையென்றால் எலி வெறுமனே பரபரத்தது.

மலைமாடு_வைத்தியர் எழுதியது:

எலிக் கணக்கு மேலே இருப்பவர் சொன்னதுதான், நான் அதில் தலையிடவில்லை. ஆனால் இதைப் படிக்கும் நம்ம ஊர் கால்நடை வளர்ப்போர், பண்ணையில் வேலை பார்ப்போர் டாக்ஸாப்ராம் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போய்விடக் கூடாது. அதனால் கன்றுக்குட்டி பற்றிக் கொஞ்சம்.

பிறந்து மூச்சு விடாத ஜெர்ஸி கலப்புக் கன்றுக்கு முதல் ஒரு நிமிடம் மருந்து எதுவும் வேண்டாம். மூக்கு, வாயிலிருந்து சளியை விரலால் வழித்தெடுங்கள். பின்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்போது ஒழுகுவது பெரும்பாலும் வயிற்று நீர். குடல் பாரம் உதரவிதானத்தை அழுத்தி மூச்சை இன்னும் கஷ்டமாக்கும். நெஞ்சை மண்ணில் ஊன்றி, கால் இரண்டையும் பக்கவாட்டில் மடக்கி, கவிழ்ந்து உட்காரவையுங்கள். இரண்டு நுரையீரலும் அப்போதுதான் சமமாக விரியும். வைக்கோல் குச்சியை மூக்குத் துவாரத்தில் விட்டுச் சுழற்றுங்கள், காதில் கொஞ்சம் குளிர்ந்த நீர், காய்ந்த சாக்கால் முதுகை அழுத்தித் தேய்ப்பது. இந்த மூக்குச் சீண்டலே நல்ல சுவாசத் தூண்டி, காசும் இல்லை.

இதயம் துடிக்கிறது, மூச்சு மட்டும் இல்லை என்றால் முகமூடி வைத்துக் காற்று அடிக்க வேண்டும். அதன்பிறகுதான் டாக்ஸாப்ராம். கிலோவுக்கு 2 மி.கி., நரம்பில்: 30 கிலோ கன்றுக்கு 60 மி.கி., 20 மி.கி. குப்பியில் 3 மி.லி. இதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். நாய்க்குட்டிக்கு நாக்கின் அடியில் ஒன்றிரண்டு துளி, ஒரு துளி ஏறக்குறைய 1 மி.கி.

ஏன் மருந்து பின்னால் என்றால்: பிறப்பின்போது ஆக்சிஜன் இல்லாமல் போனால் முதலில் ஒரு மூச்சு நிறுத்தம் வரும். அதில் சீண்டினால் திரும்பும். அதைத் தாண்டி இரண்டாவது நிறுத்தத்துக்குப் போன கன்றுக்கு மூளைத்தண்டே ஆக்சிஜன் இல்லாமல் அணைந்திருக்கும். அங்கே தூண்டி மருந்து தட்டுகிற கதவைத் திறக்க உள்ளே ஆளில்லை. அதோடு டாக்ஸாப்ராம் இரத்த அழுத்தத்தையும் உடலின் ஆக்சிஜன் தேவையையும் கூட்டும். காற்று அடிக்காமல் மருந்து மட்டும் போடுவது கன்றின் கடனைக் கூட்டுவதுதான்.

சைலசின் என்ற மயக்க மருந்து அதிகமாகிப் படுத்த மாட்டுக்கும் இதைத் தேடுகிறார்கள். மாட்டுக்குச் சைலசின் அளவு குதிரையின் அளவில் பத்தில் ஒன்றுதான், குதிரைக் கணக்கில் போட்டால் வரும் வினை இது. டாக்ஸாப்ராம் எழுப்பும், சில நிமிடத்தில் மாடு மறுபடி சாயும். அதன் நேரான முறிவு மருந்து டோலசோலின் அல்லது யோஹிம்பின் வகை. நாயின் குரல்வளை வாதத்தைக் கண்டுபிடிக்க லேசான மயக்கத்தில் கிலோவுக்கு 1.1 மி.கி. நரம்பில் கொடுத்து, குரல்நாண் விரிகிறதா என்று பார்ப்பது டாக்ஸாப்ராமுக்கு இன்றும் மிஞ்சியிருக்கும் நல்ல வேலை. அங்கேயும் மூச்சுக்குழல் குழாயைக் கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் ஊசி; வாதம் கண்ட குரல்வளை வேக மூச்சில் உள்ளே இழுக்கப்பட்டு அடைத்துவிடலாம்.

கோத்தகிரி_மயக்கவியல் எழுதியது:

உதகை_மருந்தியல், உங்கள் ஆய்வேட்டின் அறிமுகத்தில் விலங்கிலிருந்து மனிதருக்குப் போகும் பகுதி வரும். அதற்கு உதவும் சிலவற்றைச் சொல்கிறேன்.

இந்தத் துறையின் அடித்தளம் நாய்களில் போடப்பட்டது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கோர்னெய் ஹேமன்ஸ், கழுத்துத் தமனியின் உணர்விகள் மூச்சை ஆள்கின்றன என்று காட்டி 1938-இன் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அதே காலத்தில் மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தவை நிகெதமைடு போன்ற பழைய தூண்டிகள். நம் ஊர் முதியவர்களுக்கு அது கோரமின் என்ற பெயரில் சொட்டு மருந்தாக நினைவிருக்கும். மூச்சைத் தூண்டும் அளவுக்கும் வலிப்பு வரவைக்கும் அளவுக்கும் இடையில் விரல்கனம்தான் இடைவெளி. 1940களின் கடைசியில் கோபன்ஹேகனில் தூக்க மருந்து நஞ்சேறியவர்களுக்குத் தூண்டிகளை நிறுத்திவிட்டு, மூச்சுக்குழாயைக் காத்து, செயற்கைச் சுவாசமும் நல்ல பராமரிப்பும் மட்டும் கொடுத்தார்கள். இறப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. டாக்ஸாப்ராம் 1960களில் வந்ததே, அந்த இடைவெளி இதில் அகலம் என்பதற்காகத்தான்.

எலியில் வென்றதெல்லாம் மனிதரில் வெல்வதில்லை. 2003-இல் செரட்டோனின் 4 ஏற்பியைத் தூண்டும் ஒரு பொருள், எலியில் மார்ஃபின் வகை வலிமருந்தான ஃபென்டனிலின் மூச்சுத் தடையை நீக்கி, வலி நீக்கத்தை அப்படியே விட்டது. எல்லோரும் ஆர்வமானோம். மனிதருக்குக் கிடைத்த, அதே ஏற்பியைத் தூண்டும் மோசாபிரைடை வைத்து 2005-இல் பார்த்தபோது மார்ஃபினின் மூச்சுத் தடை அசையவில்லை. மறுபக்கம், ஆம்பகைன் (மூளையின் குளூட்டமேட் ஏற்பிகளை முடுக்கும் மருந்து) வகையின் சி.எக்ஸ்-717 எலியில் வேலை செய்தது, 2010-இல் தன்னார்வலர்களிடம் ஃபென்டனிலின் உறவான ஆல்ஃபென்டனிலுக்கு எதிராகவும் வேலை செய்தது. ஜி.ஏ.எல்-021 என்பது டாக்ஸாப்ராமை அடுத்து வந்த கரோட்டிட் பாடித் தூண்டி, வேறொரு பொட்டாசியம் வாய்க்காலை அடைப்பது. நெதர்லாந்தின் லைடன் நகரில் தன்னார்வலர்களிடம் ஆல்ஃபென்டனிலின் தடையை ஓரளவு மீட்டது. அல்மிட்ரைன் என்ற இன்னொரு மூச்சுத் தூண்டி நன்றாகவே வேலை செய்தது, ஆனால் நீண்ட நாள் மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு எடைக் குறைவும் கைகால் நரம்புச் சேதமும் வந்ததால் 2013-இல் ஐரோப்பாவில் மாத்திரை வடிவம் விலக்கப்பட்டது. வேலை செய்வது ஒரு கேள்வி, எத்தனை நாள் கொடுக்கலாம் என்பது வேறு கேள்வி.

முழு வெற்றி என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது காஃபின்தான். குறைமாதக் குழந்தையின் மூச்சு நிறுத்தத்துக்குக் காஃபின் சிட்ரேட் கிலோவுக்கு 20 மி.கி. முதல் அளவு, பிறகு நாளுக்கு 5 மி.கி., தேவைப்பட்டால் 10 வரை. 500 முதல் 1,250 கிராம் வரை எடையுள்ள 2,006 குழந்தைகளைச் சேர்த்த பன்னாட்டு ஆய்வு 2006-இல் வெளியானது. நாள்பட்ட நுரையீரல் நோய் 47 சதவீதத்திலிருந்து 36 ஆனது. அடுத்த ஆண்டு வந்த தொடர்ச்சியில் மூளை வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது தெரிந்தது. மருந்துச் சீட்டில் ஒரு பொறி உண்டு: 20 மி.கி. சிட்ரேட் என்பது 10 மி.கி. காஃபின். எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் எடுத்தால் இரட்டிப்போ பாதியோ ஆகிவிடும். பென்சைல் ஆல்கஹால் பற்றி மேலே சொன்னதை இங்கே இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சிளங்குழந்தைகள் அதனால் இறந்தது 1982-இல் தெரியவந்தது. அந்தப் பாதுகாப்பானைக் கலந்த குப்பி அவர்களுக்கு ஆகாது.

உங்கள் முறைக்குப் பயன்படும் ஒன்று: மனித ஆய்வுகளில் மூச்சுக்கடைசியின் கார்பன் டை ஆக்சைடை ஒரே அளவில் கட்டி வைத்துத்தான் தூண்டியை அளப்போம். கட்டாவிட்டால், மருந்து மூச்சைக் கூட்டும், கூடிய மூச்சு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும், அது இறங்கியதும் மூளைத்தண்டு பிரேக் போடும். கடைசியில் சிறிய பலன்தான் கண்ணுக்குத் தெரியும். எலிப்பெட்டியில் கட்டுவது கடினம். ஆனால் மார்ஃபினுக்குப் பிறகு இரண்டு வெவ்வேறு கார்பன் டை ஆக்சைடு அளவுகளில் பதிவு செய்து, கோட்டின் சரிவு மாறியதா, கோடு அப்படியே மேலே நகர்ந்ததா என்று பார்த்தால் ஏறக்குறைய அதே தகவல் கிடைக்கும். அமினோஃபிலினும் டாக்ஸாப்ராமும் வேறுபடுவது அங்கே தெரியலாம். ஒன்று அடினோசின் ஏற்பியை மறிப்பது, இன்னொன்று கரோட்டிட் பாடியை முடுக்குவது.

உதகை_மருந்தியல் மறுபடி கேட்டது:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. 585 போட்டுப் பழைய பதிவுகளை மறுபடி ஓட்டினேன், ஒவ்வொரு மூச்சும் 13 சதவீதம் இறங்கியது. சார், 15 என்று சொன்னீர்களே, எங்கே தவறினேன்? இன்னொன்று, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்கெனவே வாங்கியாயிற்று, மறுபடி 6.6 வாங்கப் பணமில்லை. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

குன்னூர்_உடலியங்கியல் எழுதியது:

தவறவில்லை. 9.8-இலிருந்து 11.3-க்கு ஏறுவது 15 சதவீதம், அதே வழியில் 11.3-இலிருந்து 9.8-க்கு இறங்குவது 13. ஆனால் 24 டிகிரிப் பெட்டிக்குத்தான் இந்த எண். காலைக் குளிரில் செய்த பதிவுகளுக்கு ஒவ்வொன்றின் பெட்டி வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் போட்டுத் தனித்தனியாக ஓட்டுங்கள். உடல் வெப்பநிலை அளக்காத மார்ஃபின் பதிவுகளை மீட்க வழியில்லை, அவற்றை விட்டுவிடுங்கள்.

சிலிண்டரை வீணாக்க வேண்டாம். 5 சதவீதம் இங்கே 27 மி.மீ., கடல்மட்டத்தில் 3.8 சதவீதம் கொடுப்பதற்குச் சமம். வரைபடத்தில் கிடை அச்சில் சதவீதம் எழுதாமல் மி.மீ. பாதரசம் எழுதுங்கள். அறைக் காற்று பூஜ்யம், சிலிண்டர் 27. நடுவில் ஒரு புள்ளிக்கு அந்த வாயுவையே அறைக் காற்றோடு சரிபாதி கலந்தால் 13. மயக்கவியல் மேடம் கேட்ட சரிவு கிடைக்க இது போதும். கலக்கும்போது ரோட்டாமீட்டரை நம்பாமல், பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவியை வைத்துப் படியுங்கள். அளவியையும் ஊட்டி அழுத்தத்திலேயே அந்தச் சிலிண்டரால் கேலிபரேட் செய்யுங்கள். சிலிண்டரில் மீதி எந்த வாயு என்று சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்: 5 சதவீதம் போக மீதி ஆக்சிஜன் என்றால் கரோட்டிட் பாடி அணைந்துவிடும், உங்கள் டாக்ஸாப்ராம் பிரிவுக்கு அது உதவாது. மீதி நைட்ரஜனும் 21 சதவீத ஆக்சிஜனும் என்றால் இதையே தாராளமாகப் பயன்படுத்தலாம்.